ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் முதலில் எடை மெஷினைக் கேளுங்கள்

சென்னையில் வெயில் ஏறிவிட்டது. இனி மழைக்காலம் வரும்வரை ஏசி மெக்கானிக்குகள் காட்டில் மழைதான். நேர்மையாக வேலை பார்ப்பவர்களைப் பற்றிய பதிவு அல்ல இது. இணையத்தில் நம்பர் தேடி சர்வீஸுக்கு ஆள் கூப்பிடப் போகிறவர்கள் மட்டும் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

நங்கநல்லூரில் அப்பா அம்மா இருக்கும் ஃபிளாட்டில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை அல்ல. உள்ளே குளிர்விக்கும் கேஸ் ஆர்32. போட்டவுடன் நன்றாகக் குளிரும். ஒரு மணி நேரம் போனால் காற்று சன்னமாகிவிடும், உள் யூனிட்டின் ஓரத்திலிருந்து சுவரில் தண்ணீர் வழியும். அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஒழுங்காக ஓடும். உங்கள் வீட்டிலும் இப்படியே இருந்தால் கேஸைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஃபில்டரையும் அதன் பின்னால் இருப்பதையும் பாருங்கள்.

அப்பா கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அழைத்தார். எடுத்தவர்களும் அந்தக் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். வந்த பையனின் டீ-ஷர்ட்டில் அதே லோகோ. ஃபில்டரை அவன் தொடவே இல்லை. நேராக பால்கனிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டில், கேஸ் அழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் காட்டும் கேஜை மாட்டினான். முள் 90-க்குப் பக்கத்தில் நின்றது.

"பாருங்க மேடம், 130 இருக்கணும். கேஸ் சுத்தமா காலி. டாப்-அப் பண்ணா நிக்காது, ஃபுல் சார்ஜ் பண்ணிடலாம்."

சுத்தமாகக் காலி என்றால் முள் பூஜ்யத்தில் அல்லவா இருக்க வேண்டும்? கேட்டேன். காதில் வாங்கவில்லை. ஒரு சின்ன கேன், ஒரு ஓஸ். கால் மணி நேரத்தில் முள்ளை 130-க்குக் கொண்டுவந்து காட்டினான். எடை மெஷின் இல்லை, வேக்யூம் பம்ப் இல்லை. "வேக்யூம் போடலையா?" என்றதற்கு, "இது புது கேஸ் மேடம், வேக்யூமே தேவையில்ல" என்றான். பச்சைப் பொய். காலியான சிஸ்டத்தில் எந்த கேஸை நிரப்பினாலும், முதலில் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்தாக வேண்டும். ஃபுல் சார்ஜுக்கு 3,800, விசிட்டிங் 499. பில் என்று கொடுத்த தாளில் ஜிஎஸ்டி எண் கிடையாது. பணத்தை யாரோ ஒரு தனியாளின் யுபிஐ கணக்குக்கு அனுப்பச் சொன்னான். அப்பா அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு தண்ணீர் வழிவது நின்றது, கூடவே குளிர்ச்சியும் போனது. அவுட்டோர் யூனிட் முனக ஆரம்பித்தது. உச்சி வெயிலில் 'டக்' என்று கம்ப்ரஸர் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஓடும். மறுபடி அழைத்தால் அடுத்த குண்டு: "கம்ப்ரஸர் வீக்காயிடுச்சு. மாத்தணும், 12,000 ஆகும்."

இந்த இடத்தில்தான் வாரண்டி கார்டைத் தேடி எடுத்து, அதில் இருந்த எண்ணில் பேசினேன். எங்கள் பெயரில் புகாரே பதிவாகவில்லையாம், அவர்கள் யாரையும் அனுப்பவும் இல்லையாம். கம்ப்ரஸருக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்களுடைய ஆள் வர நாளாகும் என்றதால், பழவந்தாங்கலில் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம்.

அவர் முதலில் கேட்டது டார்ச். உள் யூனிட்டின் மூடியைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் உருளையில் வெளிச்சம் அடித்தார். அதில் மெல்லிய இதழ்கள் வரிசையாக இருக்கும், இடையில் சந்து தெரிய வேண்டும். எங்களுடையதில் சந்தே இல்லை. எதிர்ப்புறம் கட்டடம் கட்டும் தூசியும் சமையலறை எண்ணெய்ப் புகையும் சேர்ந்து, கறுப்பாக, ஈரமாக அப்பிக் கிடந்தது. பழைய டூத் பிரஷால் அவர் சுரண்டியபோது பட்டை பட்டையாக உரிந்து வந்தது. கேஸ் ஓடிக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலின் பின்புறமும் அதே கதி. பிளாஸ்டிக் ஷீட் கட்டிப் பம்ப் வைத்துக் கழுவினார். பக்கெட்டில் இறங்கிய தண்ணீர் டிகாக்‌ஷன் நிறம்.

திரும்ப மாட்டி ஓடவிட்டு கேஜ் வைத்தால் முள் 165. மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர், அவுட்டோர் ஸ்டிக்கரில் போட்டிருந்ததை விட அதிகம். "சார், இதுல யாரு கேஸ் ஏத்துனது?" என்று அப்பாவைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். காயில்மேல் போதுமான காற்று போகாவிட்டால் கேஜில் அழுத்தம் தானாகவே குறையும். ஆர்32-ல் முள் நூறுக்கும் கீழே போனால் காயில் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அதில் படியும் ஈரம் ஐஸாகிறது, ஐஸ் காற்றை இன்னும் அடைக்கிறது, அணைத்தால் உருகி வழிகிறது. அழுக்கால் இறங்கிய முள்ளைக் காட்டித்தான் கேஸ் இல்லை என்று அந்தப் பையன் எங்களிடம் காசு பிடுங்கினான். அடைப்பை அப்படியே விட்டுக் கேஸை மட்டும் ஏற்றியதில் கம்ப்ரஸருக்குச் சுமை கூடி, சூடேறி நின்றிருக்கிறது.

அவர் உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் ஒரு சிலிண்டரில் இழுத்து எடை போட்டார். கிட்டத்தட்ட ஒரு கிலோ. அவுட்டோர் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு 0.80 கிலோ. அதாவது கம்பெனியில் நிரப்பிய கேஸ் குறையாமல் உள்ளேதான் இருந்திருக்கிறது. அதன்மேல் ஏதோ 200 கிராமைத் தள்ளிவிட்டு ஃபுல் சார்ஜுக்குக் காசு வாங்கியிருக்கிறான்! அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, ஸ்டிக்கரில் இருந்த அளவை எடைபோட்டு ஏற்றியதும் முள் 125-ல் நின்றது. கம்ப்ரஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் சேர்த்து 2,200 வாங்கினார்.

சமையல் சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்வதற்கு ஏசியில் இருப்பது எரிபொருள் அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவு நடக்காதது அல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரங்களில் உப்புக் காற்று காயிலை அரிக்கும், நட் இறுக்கிய இடத்திலும் கசியும். அங்கே எண்ணெய்க் கறை தெரியும், சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அதைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடைக்கு அதே ஆள் அதே கேனோடு வருவான். ஓட்டையைப் பற்றவைக்கிறேன் என்று வெல்டிங் டார்ச்சைக் கொளுத்தினால், உள்ளே கேஸ் இல்லை என்று உறுதிசெய்யாமல் விடாதீர்கள். ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய வகை.

கேஜ் காட்டினால் உங்கள் ஏசி எந்த கேஸ் என்று ஸ்டிக்கரைப் பாருங்கள். பழைய ஆர்22-க்கு ஓடும்போது 60, 70 இருந்தாலே போதும். அதைக் காட்டி '130 இருக்கணும்' என்று மிரட்டினால் ஆளை அப்படியே அனுப்பிவிடலாம். எத்தனை கிராம் போடுகிறாய், எதில் எடை போடுவாய் என்று கேட்டாலே பாதிப் பேர் 'வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன்' என்று நழுவிவிடுவார்கள். இன்வெர்ட்டர் ஏசிக்காரர்களிடம் கேஸுக்குப் பதில் 'போர்டு போச்சு' என்பார்கள். கழற்றிய பழைய சர்க்யூட் போர்டை அவர்கள் உங்கள் கையில் கொடுக்காமல் பணம் தராதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறோம். பில்லையும் யுபிஐ ரசீதையும் கேட்டார்கள், அனுப்பியாயிற்று. அந்தப் பழைய எண்ணுக்கு அம்மாவின் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். இப்போது வேறொரு ஏசி கம்பெனியின் கஸ்டமர் கேர் என்று சொல்லி எடுக்கிறார்கள். பணம் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.