எல்லாத்துக்கும் ஒரே குரூப்பா, ஸ்டீம் டெக்குக்கு மட்டுமா?

கொழிஞ்சாம்பாறை பக்கம் கையடக்க கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு ஒரு குரூப் ஆரம்பிக்கலாம்னு பேச்சு ஓடுது, பொள்ளாச்சிலருந்தும் பாலக்காட்டுலருந்தும் பஸ் இருக்கறதால இடம் பிரச்சனை இல்ல, தமிழும் மலையாளமும் கலந்து பேசறதும் இங்க புதுசில்ல, யாரை சேர்க்கறதுங்கறதுலதான் பஞ்சாயத்து.

ஸ்டீம் டெக்ங்கற புது கையடக்க கேமிங் மெஷினுக்கு மட்டும்னா காலேஜ் பசங்க நிறைய வருவாங்க. 2022ல வந்தது, உள்ள ஓடறது லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம், எல்லார் கையிலயும் ஒரே மெஷின்ங்கறதால ஒருத்தர் சிக்கலை இன்னொருத்தர் அங்கயே தீர்த்துடலாம். ஆனா பெரிய கேம் ஓட்டினா ரெண்டு மணி நேரத்துல சார்ஜ் காலி, அப்புறம் பிளக் பாயிண்டுக்கு அடிதடிதான்.

பழசு புதுசு எல்லாத்துக்கும்னா ஆள் கம்மி, பேச விஷயம் ஜாஸ்தி. 1996ல வந்த பாம் பைலட்ங்கற கையடக்க டைரி மெஷின் ரெண்டே ரெண்டு ட்ரிபிள் ஏ பேட்டரில வாரக்கணக்கா ஓடும், கிராஃபிட்டிங்கற அதோட தனி எழுத்து முறையில திரை மேல குச்சியால எழுதணும், இங்கிலீஷ் ஏ எழுத்துக்கு நடுக்கோடே கிடையாது, கூரை மாதிரி மேல போய் கீழ இறங்குனா போதும், இதை எல்லாம் ஒரு பையன் கையில குடுத்து கிறுக்க சொல்லிப்பாருங்க, விடவே மாட்டான். பெங்களூர்ல உருவான சிம்ப்யூட்டர்ங்கற கையடக்க கம்ப்யூட்டர் யார் வீட்டு பரண்லயாவது கெடந்தா கொண்டாங்க சாமி!

என் ஓட்டு ரெண்டாவதுக்குதான். பேட்டரி கசிஞ்சு பச்சை பூத்த மெஷினா வரும், அதனால சால்டரிங் தெரிஞ்ச ஒருத்தரை மொதல்லயே புடிச்சு போட்டுருங்க.