பழைய .315 ரைபிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: போல்ட்டில் காடி வெட்டக் கொடுக்காதீர்கள்

சேலத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் என் பெரியப்பாவின் ரைபிளுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் இதே ரைபிள் இன்னும் பல பேரிடம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் பதிவு. போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளி, பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை. காடி என்பது அதன் மேல் நீளவாக்கில் வெட்டும் பள்ளம்.

பெரியப்பா காப்பியும் மிளகும் போட்டிருக்கிறார். அவர் லைசென்ஸில் இருப்பது இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் செய்த .315. வேட்டைக்கெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முழுக்குப் போட்டாயிற்று. தாத்தா வாங்கியது என்பதால் வீட்டில் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவார். போன தடவை வாங்கி வந்தபோது நல்ல துரு. துரு எடுத்து எண்ணெய் போட்டுத் தரச் சொல்லித்தான் கடையில் கொடுத்தார்.

அங்கே பேச்சு வேறு பக்கம் போயிருக்கிறது. “ஐயா, இப்ப வர்ற வெளிநாட்டு ரைபிள் எல்லாம் போல்ட்டுல காடி வெட்டித்தான் வருது. இருநூறு கிராம் குறையும், போல்ட் தானா ஓடும், குறி தப்பாது” என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பில்லில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே ஒரு வார்த்தை.

காடி வெட்டிய போல்ட் என்பது பொய்யான சமாச்சாரம் இல்லை. வெதர்பி மார்க் 5 மாதிரி ரைபிள்களில் கம்பெனியே வெட்டித்தான் அனுப்புகிறது. போல்ட்டின் உடம்பு ரிசீவரில், அதாவது அது ஓடும் கூட்டில், உரசும் பரப்பு குறையும். மணலோ பனிக்கட்டியோ நுழைந்தால் காடிக்குள் ஒதுங்கும், போல்ட் சிக்காது. பாலைவனத்திலும் உறைபனியிலும் அலைகிறவர்களுக்கு அது பிரயோஜனம். பார்க்கவும் அழகு, உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். குறிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஏற்காட்டில் பனிக்கட்டி ஏது? இங்கே மூடுபனிதான். காடிக்குள் ஈரமும் அழுக்கும் தங்கும், துடைக்க இன்னும் ஐந்து இடம் கூடியது.

எடைக் கதையைப் பார்ப்போம். நான் டூல் ரூமில் வேலை பார்க்கிறவன், வெர்னியர் கையிலேயே இருக்கும். பெரியப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அளந்தேன். ஐந்து காடி, 5 மி.மீ. அகலம், சுமார் 60 மி.மீ. நீளம், ஆழம் சராசரி 1.5 மி.மீ. மொத்தம் 2.25 கன சென்டிமீட்டர் இரும்பு. ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் போட்டால் 18 கிராம்கூட வரவில்லை. இருநூறு கிராம் எங்கே போயிற்று?

இதுவரை சொன்னது பணம் போன கதை. இனிமேல் சொல்வதுதான் ஆபத்து. மவுசர் வகை ரைபிள்களில் போல்ட்டைப் பூட்டும் லக்குகள் (துருத்திக்கொண்டிருக்கும் முட்டுகள்) முன்பக்கம், தோட்டாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். சுடும்போது வரும் உதையை அவையே வாங்கிக்கொள்ளும். பின்னால் இருக்கும் உடம்புக்குப் பெரிய வேலை இல்லை, அதனால் அங்கே காடி வெட்டலாம். நம்ம .315 லீ-என்ஃபீல்டு அமைப்பு. இதில் லக்குகள் பின்னால் இருக்கின்றன. போல்ட் தலையில் விழுகிற உதை உடம்பு முழுக்கக் கடந்துதான் லக்குக்குப் போய்ச் சேரும். அப்படிச் சுமை தாங்குகிற இடத்தில்தான் இந்த ஐந்து காடியும் விழுந்திருக்கிறது. வெடித்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் இந்த நிலையில் அது எவ்வளவு தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, கடைக்காரர் உட்பட. அதை வைத்துச் சுடக்கூடாது என்று பெரியப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

வேலையாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. ஒரு காடி 1.2 மி.மீ., அடுத்தது 1.9. கட்டர் அதிர்ந்த வரிகள் கண்ணுக்கே தெரிகின்றன. விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் பிசிறு மாட்டுகிறது. அந்தப் பிசிறு ரிசீவருக்குள் போய்க் கோடு போட்டிருக்கிறது. வழவழவென்று ஓடிய போல்ட் இப்போது பாதி வழியில் கரகரக்கிறது. காடிக்குள் கறுப்பாக இருப்பது ப்ளூயிங், அதாவது துரு பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றும் கறுப்பு, என்று நினைத்தேன். தின்னர் தொட்ட துணியால் துடைத்ததும் துணி கறுத்துப் போயிற்று, வெறும் ஸ்ப்ரே பெயிண்ட்! போல்ட்டின் வெளிப்பரப்பில் ஊசி அரத்தை வைத்தால் வழுக்குகிறது, காடிக்குள் வைத்தால் கடிக்கிறது. மேலே இருந்த கெட்டித் தோலை வெட்டி எடுத்துவிட்டார்கள், உள்ளே மெத்தென்ற இரும்பு.

யார் வெட்டியது என்பதும் தெரிந்துவிட்டது. போல்ட்டைச் சுற்றியிருந்த துணிக்குள் ஏதோ ஒரு லேத் பட்டறையின் ஜாப் சீட்டு: ‘ராடு 1, ஸ்லாட் 5’. பாவம், அவருக்கு அது துப்பாக்கி என்றே தெரியாது போல. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும், போல்ட் மாதிரி உதிரி பாகமும் அதில் சேர்த்தி. வெளியே அனுப்பியது கடைக்காரர், ஆனால் விசாரணை என்று வந்தால் நம்ம லைசென்ஸும்தான் மேசைக்கு வரும். அதனால் சீட்டைப் பத்திரமாக வைத்து, கலெக்டர் ஆபீசில் ஆயுத லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் மனு கொடுத்தோம். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

சர்வீசுக்குக் கொடுப்பவர்கள் என்ன வேலை, எந்தப் பாகத்தில், யார் செய்வது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் போல்ட்டையும் அதில் அடித்திருக்கும் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள். மாற்று போல்ட் தருகிறேன் என்றாலும் உடனே தலையாட்ட வேண்டாம். தோட்டாவுக்கும் போல்ட் தலைக்கும் உள்ள இடைவெளியைக் கேஜ் போட்டுப் பார்க்காமல் அதில் சுடக்கூடாது.

புகார் போனதும் கடைக்காரர் போன் செய்து, “காடியை வெல்டிங் வச்சு அடைச்சு, பாலிஷ் போட்டுத் தர்றேன், மனுவை வாபஸ் வாங்குங்க” என்கிறார். வெல்டிங் சூட்டில் மிச்சமிருக்கும் கெட்டியும் போய்விடும், போல்ட் கோணினாலும் கோணும். உங்களிடமும் இதைச் சொன்னால் போல்ட்டைக் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள், புகாருக்கு இருக்கிற சாட்சியே அதுதான்.