8 கை பொம்மை செட்: ஒண்ணாம் வகுப்புல மூணு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம்

நான் அரசு தொடக்கப் பள்ளியில 1, 2ஆம் வகுப்பு எடுக்குறேன். 2022ல சின்ன வகுப்புகளுக்கு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்தே பாட்டு, கதை, பொம்மலாட்டம்னு தான் வகுப்பு போகுது, ஆனா நான் சார்ட்ல வெட்டி குச்சியில ஒட்டுற பொம்மை ரெண்டு வாரம் கூட தாங்காது, பிள்ளைங்க கையில போனா காது பிஞ்சிரும். அதனால இந்த வருசம் ஜூன்ல ஆன்லைன்ல கை பொம்மை செட் ஒண்ணு சொந்தக் காசுல வாங்கினேன். 8 பொம்மை, 1,150 ரூபா. வாங்கலாமா டீச்சர்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதான் விவரமா எழுதுறேன்.

துணி நல்லா இருக்கு. கண்ணு பிளாஸ்டிக் பட்டன் இல்ல, நூல்ல தைச்சிருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்கு இத கண்டிப்பா பாத்து வாங்குங்க, பட்டன் கண்ணு இழுத்து இழுத்து கழண்டு வாய்க்குள்ள போயிரும். ஐஎஸ்ஐ தர மார்க்கும் இருந்துச்சு, 2021 ஜனவரி 1ல இருந்து கம்பெனி பொம்மைக்கு அது கட்டாயம், இல்லாத பாக்கெட்ட வாங்காதீங்க. மூணு தடவ துவைச்சிட்டேன், சிங்கத்தோட பிடரி மட்டும் லேசா சாயம் போச்சு.

பெரிய குறை அளவு தான். கை பொம்மைன்னா ஆள்காட்டி விரல் தலைக்குள்ள, கட்டை விரலும் நடுவிரலும் ரெண்டு கைக்குள்ள போகணும், அப்பத்தான் அது தலையாட்டும், கை தட்டும், கும்பிடும். இந்த செட் பெரியவங்க கைக்கு தைச்சது. 5 வயசுப் பிள்ளைக்கு கட்டை விரல் பாதி தூரம் தான் போகுது, முயலோட கை ரெண்டும் தொங்கிட்டே கிடக்கு, அந்தப் பிள்ளை இன்னொரு கையால அத தூக்கி தூக்கி விடுது, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. பெட்டியில 3 வயசுல இருந்துன்னு போட்டிருக்காங்க, அது சரியே இல்ல. விக்கிறவங்ககிட்ட கேட்டதுக்கு பிரிச்சத எடுக்க மாட்டோம்னுட்டாங்க. கடைசியில நானே உட்காந்து நாலு பொம்மைக்கு உள்பக்கமா அரை இஞ்ச் புடிச்சு தைச்சேன், அதுக்கப்புறம் தான் முயல் கும்பிட்டுச்சு.

முதலையும் தவளையும் வாய் திறக்குற மாதிரி, நாலு விரல் மேல, கட்டை விரல் கீழ. இதுல ஒண்ணு சொல்லணும், வாய் உள்ள பொம்மைய கையில குடுத்தா மொத ரெண்டு நாள் கடிக்கிறது மட்டும் தான் நடக்கும், கூட உள்ள எல்லாரையும் கடிக்கும். திட்டாதீங்க, மூணாவது நாள் அதுவா பேச ஆரம்பிச்சிரும். பேசும்போது கட்டை விரல மட்டும் கீழ இறக்கச் சொல்லிக் குடுங்க, இல்லன்னா முதலை மொத்தத் தலையையும் ஆட்டிட்டே இருக்கும், பேசுற மாதிரியே தெரியாது.

செட்ல பென்குயின், பாண்டா, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருக்கு, காக்கா இல்ல, ஆடு இல்ல, கோழி இல்ல. எங்க பிள்ளைங்க வீட்ல தினமும் பாக்குறது ஒண்ணும் இல்ல. சரின்னு பழைய கருப்பு ஷூ சாக்ஸ்ல காக்கா ஒண்ணு பண்ணோம், மூக்குக்கு சார்ட், கண்ணுக்கு வெள்ளை நூல். அத வச்சு பாட்டி வடை சுட்ட கதை நடிச்சாங்க. ரெண்டு நாள் எல்லாரும் கேட்ட கதை தான். மூணாவது நாள் ஒருத்தி பென்குயின மாட்டிட்டு வந்து மரத்தடியில நின்னுட்டா, அதுக்கு அந்தக் கதையில வேலையே கிடையாது, நான் ஒண்ணும் சொல்லல. பாட்டியா இருந்த பிள்ளை திரும்பிப் பாத்து "உனக்குப் பறக்கத் தெரியாதுல்ல, இந்தா ஒண்ணு தின்னுட்டு காக்கா வருதான்னு பாத்துக்க"ன்னு வடைய நீட்டுச்சு. இத யாரும் சொல்லிக் குடுக்கல!

செட்டோட பத்து கதை அட்டை வரும், யார் என்ன பேசணும்னு வரிக்கு வரி அச்சடிச்சிருக்கு. பீரோவுல வச்சிட்டேன். அத குடுத்தா மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பாங்க, அதுக்கு பொம்மை எதுக்கு?

கரடியப் பத்தி சொல்லாம முடிக்க முடியாது. கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன் ஆகஸ்ட்ல சேந்தான், ஹிந்தி மட்டும் தான் தெரியும். கரடிய எடுத்துட்டு அவன் பாஷையில பேசினான். மத்த பிள்ளைங்க அத கரடி பாஷைன்னு முடிவு பண்ணிட்டாங்க. இப்ப யாரு கரடிய மாட்டினாலும் "இதர் ஆவோ" (இங்க வா), "பானி தோ" (தண்ணி குடு)ன்னு தான் பேசணும், தப்பா சொன்னா அவன்கிட்ட போய் கேட்டுட்டு வருவாங்க.

காசு செலவு பண்ண வேணாம்னா நிழல் பொம்மை பண்ணுங்க. நான் சின்ன வயசுல கோவில்பட்டி பக்கம் தோல்பாவைக்கூத்து பாத்திருக்கேன், ஆட்டுத்தோல்ல பண்ண பாவை, அதுல வர்ற கோமாளிங்க உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் அடிச்சுக்குறப்ப ஊரே சிரிக்கும், திரைக்குப் பின்னாடி ஒரே ஆளு தான் அத்தனை குரலும் குடுப்பாரு. அத மனசுல வச்சு வகுப்புல ரெண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவுல வெள்ளை வேட்டி கட்டி, பின்னாடி செல்போன் டார்ச், அட்டையில வெட்டின உருவம், ஈர்க்குச்சி. துணிய ஒட்டி வச்சா நிழல் பளிச்சுனு இருக்கு, லைட் பக்கமா பின்னாடி இழுத்தா பெருசாகிட்டே போகுது. ஒரு பையன் பல்லிய அப்படி இழுத்துப் பாத்து "டீச்சர் டைனோசர் ஆயிருச்சு"ன்னு கத்தினான், அன்னைக்கு முழுக்க எல்லா உருவத்தையும் இழுத்து இழுத்துப் பாத்தாங்க.

செட்டுக்கு 5க்கு 3 குடுப்பேன். துணிக்கும் தையலுக்கும் 3, அளவுக்கும் அட்டைக்கும் 2 குறைச்சிட்டேன். வீட்டுக்கு வாங்குறவங்க 8 எடுக்க வேணாம், தனித்தனியா விக்கிற இடத்துல ரெண்டோ மூணோ போதும், நீங்க ஒண்ணு மாட்டிக்கங்க, பிள்ளைக்கு ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடி கட்டை விரல் நுனி பொம்மையோட கை நுனிய தொடுதான்னு போட்டுப் பாருங்க. நூல் கட்டி ஆட்டுற பொம்மை 6 வயசுக்குள்ள வேணாம், பத்து நிமிசத்துல சிக்கு விழுந்துரும். வகுப்புக்கு வாங்குற டீச்சர்ஸ், திரைக்குப் பின்னாடி ஒரு நேரத்துல மூணு பேருக்கு மேல விடாதீங்க, எங்க வேட்டி ஒரு தடவ கிழிஞ்சிருச்சு.