ஒரே ஒரு குழிக்கு இடம் என்றால்: குண்டுமல்லியா, பிச்சியா?

முன்பு குடியிருந்த வீட்டில் பிச்சி, இப்போதைய வீட்டில் குண்டுமல்லி என்று இரண்டோடும் பழகியாயிற்று. வீட்டு வாசலில் ஒரே ஒரு குழி தோண்டத்தான் இடம் இருக்கிறது என்றால் நான் குண்டுமல்லி பக்கம். பிச்சி என்று நான் சொல்வதைக் கொங்குப் பக்கம் ஜாதிமல்லி என்பார்கள். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடிய, மெல்லிய நீளக் காம்புள்ள பூ.

வாசனையில் இரண்டையும் மோதவிட வேண்டியதில்லை, அது அவரவர் மூக்கு. வெயிலும் அப்படித்தான். இரண்டுக்குமே நாளெல்லாம் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை தழைக்கும், பூ வராது. தண்ணீர் தேங்கினால் இரண்டும் வேர் அழுகிச் சாகும். இதையெல்லாம் பூச்செடி விற்கும் யாரும் சொல்லிவிடுவார்கள்.

பருவத்தில்தான் முதல் வித்தியாசம். குண்டுமல்லி மாசி, பங்குனியில் சூடு ஏறியதும் கொட்டத் தொடங்கி ஆவணி வரை ஓடும். பனி விழ ஆரம்பித்தால் மொட்டு குறைந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லி கிலோ ஆயிரங்களில் விற்பதற்கு இதுதான் காரணம். பிச்சி ஆனி, ஆடியில் தொடங்கி மழைக்காலத்திலும் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுப் பூ வேண்டும் என்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் என்னைக் குண்டுமல்லி பக்கம் தள்ளியது பருவம் அல்ல, கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடும் வேலை.

மல்லி இனத்தில் மொட்டு வருவது புதுக் கொழுந்தின் நுனியில்தான். போன வருடத்துக் கிளையில் எவ்வளவு பச்சை இருந்தாலும் அது இலைக்குத்தான் உதவும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆகவேண்டும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். உயரம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய முழங்கால் அளவுதான், 45 முதல் 50 சென்டிமீட்டர்.

காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே வேலை. வீட்டில் அப்படி இல்லை. குண்டுமல்லி புதர்ச் செடி. சில நாள் தண்ணீரை நிறுத்திவைத்து, கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கவாத்துக் கத்தரியால் ஒரே மட்டத்தில் நறுக்கிவிடலாம். உள்ளே காய்ந்த குச்சி, சூம்பிய குச்சி இருந்தால் தூரோடு எடுத்துவிட வேண்டும். பிறகு தூரைச் சுற்றிக் கொத்தி, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால் கொஞ்ச நாளில் தூரெல்லாம் துளிர்க்கும். வயல் கணக்குக்குச் செடிக்கு 10 கிலோ தொழுவுரம். தொட்டியில் அதில் சிறு பங்கு போதும், கூடவே ஒரு கை வேப்பம்புண்ணாக்கு.

பிச்சி படர்கிற செடி. வயலில் அதையும் புதராகத்தான் வைத்து வெட்டுகிறார்கள். குண்டுமல்லிக்கு 1.25 மீட்டர் இடைவெளி என்றால் பிச்சிக்கு 2 மீட்டருக்கு 1.5 மீட்டர். வீட்டில் யார் அப்படி வைக்கிறார்கள்? கேட்டின் வளைவிலோ ஜன்னல் கிரில்லிலோ ஏற்றிவிடுகிறோம். ஏறிய கொடி நிழல் தருகிறது, தெருப் பார்வையை மறைக்கிறது, அழகாகவும் இருக்கிறது. அதை முழங்கால் மட்டத்துக்கு வெட்டு என்றால் வீட்டில் யாருக்கும் மனசு வராது. வெட்ட நினைத்தாலும் புதுக்கொடி பழைய கொடிக்குள் சுற்றிக்கொண்டு, எதை இழுத்தால் எது வரும் என்று தெரியாது. இப்படியே விட்டால் அடியில் விறகு, உச்சியில் பச்சை, பூவோ மாடிக் கைப்பிடிச் சுவர் உயரத்தில். விடிகாலையில் ஏணி போட்டு மொட்டெடுக்க வேண்டியிருக்கும். நிழலுக்கும் பூவுக்கும் ஒரே கொடியை நம்பினால் இரண்டில் ஒன்று குறையத்தான் செய்யும்.

கன்று எடுப்பதிலும் எனக்குக் குண்டுமல்லிதான் சுலபமாக இருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து மணற்பாங்கான பூமியிலிருந்து ஊர் ஊராகப் போகும் கன்றுகள் குச்சி ஊன்றி வந்தவைதான். முற்றியும் முற்றாமலும் இருக்கிற குச்சியாகப் பார்த்து, மூன்று கணு வருகிற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மக்கிய உரமும் கலந்த பையில் நிழலில் ஊன்றலாம். ஆனியிலிருந்து கார்த்திகை வரை இதற்குத் தோதான காலம். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும்.

பிச்சிக் குச்சி என் கையில் பிடித்ததும் உண்டு, பட்டுப்போனதும் உண்டு. நம்பிச் சொல்லக்கூடியது பதியன்தான். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவின் கீழே லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வைத்துவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் வெட்டிப் பிரிக்கலாம். படரும் செடி என்பதால் வளைகிற கிளைக்குப் பஞ்சமில்லை. இந்த ஒன்றில் பிச்சிக்கு ஒரு மார்க் கொடுக்கலாம்.

பூச்சியில் யாரும் தப்பவில்லை. மொட்டுகளை நூலால் பின்னித் துளைக்கும் மொட்டுப்புழு இரண்டிலும் வரும். தாக்கிய கொத்தைக் கிள்ளி அழிப்பதைத் தாண்டி வீட்டுச் செடிக்கு நான் மருந்து அடித்ததில்லை, அதனால் மருந்து பற்றிப் பேசவில்லை. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து கொழுந்திலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை தெளிக்கலாம். முல்லையை நான் சொந்தமாக வளர்த்துப் பார்க்கவில்லை, அதனால் அது இந்தப் போட்டியில் இல்லை.

பெரிய காம்பவுண்டு, கட்டிய பந்தல், வருடா வருடம் வெட்டத் தயங்காத கை இருந்தால் பிச்சியை வையுங்கள், மழைக்காலப் பூவுக்கு அது ஈடு செய்யும். எது வாங்கினாலும் இலையைப் பாருங்கள்: குண்டுமல்லிக்குத் தனி இலை, பிச்சிக்கு ஒரே காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள். குண்டுமல்லி கேட்டால் சில கடைகளில் அடுக்குமல்லியை நீட்டுவார்கள். ரோஜா மாதிரி விரிகிற அந்தப் பூ சாமி படத்துக்கு வைக்க நன்றாக இருக்கும், சரமாகத் தொடுக்க உதவாது. மொட்டோடு இருக்கிற கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.