சேலத்து ஆயுதக் கடை ஒன்றின் சேவை

அப்பா காலமானபின், அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஏற்காட்டுத் தோட்ட வீட்டில் உரிமமின்றி வைத்திருக்கலாகாது என்பதால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அனுமதிக்கும்படி, சேலத்தில் உரிமம் பெற்ற கடையொன்றில் ஒப்படைத்தேன். கடைக்காரர் துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே படர்ந்திருந்த துருவை எனக்குக் காட்டிய பின்னரே பதிவேட்டில் எழுதினார். முதலில் தந்த ரசீதில் துப்பாக்கி எண் விடுபட்டிருந்தது. அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்பதால், இது சிறு பிழையன்று. சுட்டிக்காட்டியதும் திருத்தித் தந்தார்.

கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டேன். விற்பனையை எண்ணாமல், 9 மி.மீ. குண்டு போடும் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை என்பதையும், .32 அங்குலக் குண்டு வகைக்கும் உரிமம் தரத் தக்க காரணம் உண்டென்று அதிகாரி நிறைவடைய வேண்டும் என்பதையும், 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழலுள்ள துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்பதே எளிது என்பதையும் பொறுமையாக விளக்கினார். 2019 திருத்தத்தின்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே, உரிமம் ஐந்தாண்டுகளுக்கு என்றார். காட்டெருமையைச் சுட எந்த உரிமமும் இடந்தராது என்று அவராகவே எச்சரித்தது எனக்கு மிகவும் பிடித்தது. மலையிலிருந்து இறங்கி வருவோர் ரசீதில் எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.