மேற்கை பிரஷர் மெஷின்: ஆள் கூடின வீட்டுக்குச் சரிவருமா?

மட்டக்களப்புப் பாமசிகளில் விற்கும், மேற்கையில் சுற்றுகிற டிஜிட்டல் பிரஷர் மெஷின் நல்ல சாமான்தான். மணிக்கட்டில் கட்டுவதை விட நம்பலாம். ஆனால் வீட்டுச் சூழலையும் சேர்த்தே அளக்கும். பட்டி இறுகும் நேரம் "கருவாடு வேணாமெண்டு சொன்னன்தானே" என்று மனைவி தொடங்கி, பட்டி கட்டியிருக்கும் கணவர் பதில் சொன்னாலே மேல் அளவு 10 புள்ளி அளவில் கூடிவிடலாம். அதற்குச் சண்டையே தேவையில்லை, பேச்சுப் போதும்.

முதுகைச் சாய்த்து 5 நிமிடம் வாய் மூடி இருக்கவேண்டும். கால் மேல் கால் கூடாது. கை மேசையில், நெஞ்சு மட்டத்தில். பட்டியின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே. அதற்கு முந்திய 30 நிமிடம் தேத்தண்ணி, சிகரெட் இல்லை. சலம் முட்டியிருந்தாலும் அளவு கூடும். 1 நிமிட இடைவெளியில் இரண்டு தரம், காலையும் மாலையும், 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி 135/85 எட்டினால் கொப்பியோடு கிளினிக்குக்குப் போகலாம்.

பெரிய குறை பட்டிதான். கூட வருவது பெரும்பாலும் 22–32 செ.மீ. கைக்கு, தடித்த கையில் இல்லாத பிரஷரைக் காட்டும். வாங்க முன் நாடாவால் கையை அளந்து பாருங்கள். அயலவர்களும் வந்து பார்த்தால் மெஷினில் பதிவான அளவுகள் கலந்துவிடும். மனைவி பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதட்டும், கருவாட்டுக் கதை பிறகு.