சிண்டரெல்லா: பழைய ப்ளூ-ரேயா, புதிய 4கே டிஸ்க்கா, ஓடிடியா?

வால்ட் டிஸ்னியின் ‘சிண்டரெல்லா’ 1950 பிப்ரவரியில் வெளியானது. 74 நிமிடப் படம். இதை வீட்டில் பார்க்க விரும்புகிறவருக்கு முன்னால் நான்கு பதிப்புகள் நிற்கின்றன: 2005-இல் வந்த டிவிடி, 2012-இல் வந்த ப்ளூ-ரே, 2023-இல் வந்த 4கே (ப்ளூ-ரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட) டிஸ்க், அதே ஆண்டு டிஸ்னி பிளஸ்ஸில் ஏறிய புதிய பதிப்பு. நான்கிலும் ஒரே கதை, ஒரே பாட்டு, ஒரே கண்ணாடிச் செருப்பு. பார்த்தவர்களின் கருத்துகளைக் கேட்டாலோ, ஆளுக்கொரு படத்தைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று சந்தேகம் வந்துவிடும். எதை வாங்குவது என்ற கேள்விக்கு, டிஸ்க்கா ஓடிடியா என்பதைவிட எந்த ஆண்டுப் பதிப்பு என்பதுதான் விடை தரும். இதைச் சொல்லத்தான் இந்த அலசல்.

முதலில் கருத்துகளைச் சலித்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தவரின் மனக்குறை, உறை நசுங்கி வந்தது என்பதாக இருக்கும். ஐந்துக்கு ஐந்து கொடுத்தவர் தன் சிறுவயது நினைவுக்கு மதிப்பெண் போட்டிருப்பார். டிஸ்க்கின் தரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார். இவை இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண்ணால் யாருக்கும் பயனில்லை.

அடிக்கடி கேட்கிற இன்னொரு புகார், ‘படம் திரையை நிரப்பவில்லை, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை’ என்பது. இதைக் குறை என்று எண்ணவே கூடாது. படம் 1.37-க்கு 1 என்ற விகிதத்தில், ஏறக்குறையச் சதுரத்தை ஒட்டிய சட்டத்தில் வரையப்பட்டது. இன்றைய தொலைக்காட்சியின் விகிதம் 1.78-க்கு 1. பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினால் பட்டை போய்விடும். கூடவே படத்தின் உயரத்தில் கிட்டத்தட்டக் கால்வாசியும் போய்விடும். செருப்பை வைத்து நாயகியைக் கண்டுபிடிக்கிற கதையில் காலை வெட்டிவிட்டுப் பார்ப்பதில் என்ன சுகம் என்று தெரியவில்லை.

படத்தைப் பற்றிய கருத்துகள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. பெரியவர்களில் பலருக்கு எலிகள்தான் தலைவலி. ஜாக், கஸ் என்ற இரண்டு எலிகளும் லூசிஃபர் என்ற பூனையும் படத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன, இளவரசனுக்கோ பெயர்கூட இல்லை, பேச்சும் மிகக் குறைவு என்கிறார்கள். உண்மைதான். ஆனால் குழந்தைகள் உட்கார்ந்து பார்ப்பது அந்த எலிகளுக்காகத்தான். இறுதிப் பகுதியில், பூட்டிய அறையில் சிண்டரெல்லா தவிக்க, தங்களைவிடப் பெரிய சாவியை இரண்டு எலிகள் படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு படியின் உயரமும் அங்கே ஒரு மலை. எத்தனை முறை பார்த்தாலும் கை முறுக்கிக்கொள்கிறது. எலிகளை வெட்டிவிட்டால் இந்தப் படத்தில் பதற்றம் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது. நாயகி எதற்கும் எதிர்த்து நிற்பதில்லை என்ற புகாரில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. மற்ற பாதியை அவளுடைய முகபாவங்களை வரைந்தவர்கள் ஈடுகட்டிவிடுகிறார்கள்.

அந்த வரைகோடுகளில்தான் பதிப்புகளின் சண்டையே தொடங்குகிறது.

இந்தப் படம் உருவான காலத்தில் ஓவியரின் பென்சில் கோடுகளை, மை தீட்டும் பிரிவில் இருந்த பெண்கள் ஒளி ஊடுருவும் செல் தாள்களின் மேல் கையாலேயே நகலெடுத்தார்கள். எல்லாக் கோடுகளும் கறுப்பு அல்ல. கூந்தலின் கோடு கூந்தல் நிறத்தில், கன்னத்தின் கோடு தோல் நிறத்தில், மயிரிழை மொத்தத்தில் இருக்கும். பிறகு அந்தத் தாளைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து டெக்னிகலர் முறையில் படம் பிடித்தார்கள்: ஒவ்வொரு சட்டத்தையும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை, கறுப்பு வெள்ளை பிலிமில். நொடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் 74 நிமிடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வருகின்றன. பிலிம் என்பதால் அதற்கே உரிய துகள், அதாவது பொடிப்பொடியாக மினுக்கும் அந்தக் கிரெயின், படம் முழுக்க உண்டு. செல் தாளில் ஒட்டிய தூசும் ஆங்காங்கே உண்டு.

2005-இல் டிவிடிக்காகப் படத்தைத் துப்புரவு செய்தவர்கள் இந்தத் துகளையும் தூசையும் ஒன்றாகவே பாவித்தார்கள். கணினி மென்பொருள் இரண்டையும் வழித்தெடுத்தது. விளைவு, நேற்று வரைந்த படம்போல மொழுமொழுவென்று இருந்தது. அன்று பலர் பாராட்டினார்கள். அந்தச் சிறிய திரைகளில், 480 வரித் தெளிவில், அது நன்றாகவே தெரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல் 2012-இல் வெளிப்பட்டது. அதே மொழுமொழுப்போடு படம் ப்ளூ-ரேக்கு வந்தபோது, பெரிய திரையில், மயிரிழைக் கோடுகள் பல இடங்களில் காணாமல் போயிருந்தன. மென்பொருளுக்குச் சட்டத்துக்குச் சட்டம் மாறும் எதுவுமே அழுக்குதான். வேகமாக அசையும் கையின் கோடும் துணியின் மடிப்பும் அதன் கண்ணில் கீறலாகப்பட்டுவிட்டன.

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் கந்தலாடை கவுனாக மாறும் காட்சிக்குப் போங்கள். மார்க் டேவிஸ் அசைவூட்டிய காட்சி அது. வால்ட் டிஸ்னிக்கே மிகவும் பிடித்த அசைவூட்டத் துண்டு என்று சொல்வார்கள். ஒளிப்பொடி சுற்றிச் சுழல, அவள் தன் ஆடையைக் குனிந்து பார்க்கிறாள். சட்டத்தை நிறுத்தி, கையின் விளிம்பையும் கழுத்தின் கோட்டையும் பாருங்கள். பழைய ப்ளூ-ரேயில் வண்ணத் திட்டுகள் மட்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும் உணர்வு வரும். புதிய பதிப்பில் கோடு இருக்கிறது, கோட்டில் கையின் அழுத்தம்கூட இருக்கிறது.

புதிய பதிப்பு என்றால் 2023-இல் செய்த 4கே மீட்டெடுப்பு. அசல் நெகட்டிவ்விலிருந்து புதிதாகப் படியெடுத்து, ஸ்டுடியோ காப்பகத்தின் அசல் செல்களோடும் பின்னணி ஓவியங்களோடும் நிறத்தை ஒப்பிட்டுச் செய்தார்கள். நிறத்துக்கு எரிக் கோல்ட்பெர்க், மைக்கேல் ஜியாய்மோ ஆகிய அசைவூட்டக் கலைஞர்கள் துணை நின்றார்கள். அந்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவிலும் அதைத் திரையிட்டார்கள். தூசு போயிருக்கிறது, துகள் இருக்கிறது. படத்தின் வண்ண ஓவியர் மேரி பிளேர் வகுத்துக் கொடுத்த நிறச் சேர்க்கைகள், குறிப்பாக இரவுக் காட்சிகளின் ஆழ்ந்த நீலங்கள், இப்போதுதான் மூச்சு விடுகின்றன.

இதற்கும் எதிர்ப்பு உண்டு. ‘படம் மங்கலாக இருக்கிறது’, ‘பழைய படம்போல் பொடி பறக்கிறது’ என்பார்கள். எழுபது வயதைத் தாண்டிய படம் பழைய படம்போல் இருப்பதில் என்ன பிழை? பளீரென்று இருப்பதற்குப் பழகிய கண்ணுக்கு இது இறக்கமாகத் தோன்றுவதும் புரிகிறது. பத்து நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும். கவுன் வெள்ளியா நீலமா, கூந்தல் பொன்னிறமா செம்பொன்னா என்ற வழக்கோ தீராதது. படத்தில் கவுன் வெள்ளிச் சாயல். பொம்மைகளும் விளம்பரங்களும் பல காலமாக நீலத்தையே கண்ணில் ஏற்றிவிட்டன. அந்த நீலத்தைத் தேடி வருகிறவர்களை எந்த மீட்டெடுப்பாலும் திருப்திப்படுத்த முடியாது.

இனி டிஸ்க்கும் ஓடிடியும். புதிய மீட்டெடுப்பு இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு அதைச் சுமந்து வரும் வழியில். டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி, ப்ளூ-ரேக்கு 50, 4கே டிஸ்க்குக்கு 100 வரை. 4கே டிஸ்க் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தரவைக் கொட்ட வல்லது. ஓடிடியில் 4கே பார்க்க டிஸ்னி பிளஸ் கேட்கும் இணைய வேகமே நொடிக்கு 25 மெகாபிட். ஓடும் படத்துக்குக் கிடைப்பது அதற்கும் உள்ளேதான். சாதாரணமான கணினி அசைவூட்டப் படத்துக்கு இது போதும். அங்கே பரப்புகள் வழவழப்பானவை, ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையில் மாறாமல் இருப்பது அதிகம், சுருக்குவது எளிது. பிலிம் துகள் அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு சட்டத்திலும் அது இடம் மாறுகிறது. முன்கூட்டிக் கணிக்க முடியாது. சுருக்கும் மென்பொருளுக்கு அது பரம எதிரி. இணையம் கொஞ்சம் தடுமாறினால் முதலில் பலியாவது துகள், அடுத்தது மெல்லிய கோடு. 2005-இல் வேண்டுமென்றே செய்த காரியத்தை ஓடிடி தன்னை அறியாமலே சிறிதளவு செய்துவிடுகிறது.

அப்படியிருந்தும் என் தீர்ப்பு இதுதான்: 2012 ப்ளூ-ரேயைவிட ஓடிடியில் வரும் 2023 பதிப்பு மேல். காகிதத்தில் கணக்குப் போட்டால் டிஸ்க் ஜெயிக்கும். ஆனால் இல்லாத கோட்டை எத்தனை மெகாபிட் கொடுத்தாலும் கொண்டுவர முடியாது. 4கே தொலைக்காட்சியும் அதற்கான பிளேயரும் இருப்பவர்களுக்கு மட்டும் 4கே டிஸ்க் கேள்விக்கிடமில்லாமல் முதலிடம். 4கே டிஸ்க்குகளுக்கு வட்டாரப் பூட்டு, அதாவது ஒரு நாட்டு டிஸ்க் வேறு நாட்டுப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு, கிடையாது என்பது கூடுதல் வசதி. டிவிடியிலும் பல ப்ளூ-ரேக்களிலும் அந்தத் தொல்லை உண்டு. பழைய கையிருப்பும் கடைகளில் புதிது போலவே விற்கப்படுவதால், வாங்குமுன் உறையின் பின்புறத்தில் ஆண்டைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தத் தீர்ப்பை எல்லாக் குடும்பப் படங்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ கணினிக்குள்ளேயே பிறந்த படம். அதை உருவாக்கிய தெளிவு 1536-க்கு 922 புள்ளிகள்தான். அதன் 4கே பதிப்பு அந்த 922 வரிகளைப் பெருக்கிக் காட்டுவது. நிறத்திலும் வெளிச்சத்திலும் ஏற்றம் தெரியும், புதிய நுணுக்கம் எதுவும் முளைக்காது. அந்தப் படத்துக்குச் சாதாரண ப்ளூ-ரே தாராளம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. அசல் படம் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. வீட்டு வெளியீடுகளுக்காக அதைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். சிண்டரெல்லா தரையைத் துடைக்கும்போது ஒவ்வொரு சோப்புக் குமிழியிலும் அவள் உருவம் தெரிய, குரல் இரண்டாகி மூன்றாகி இணைகிற பாட்டு ஒன்று உண்டு. சிண்டரெல்லாவுக்குக் குரல் கொடுத்த இலீன் வுட்ஸ் தன் குரலின் மேலேயே தன் குரலைப் பதிந்து பாடியது. பிரித்த ஒலியில் அது அறையைச் சுற்றி வருகிறது, குழந்தைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மோனோதான் பிடிக்கிறது: குரல்கள் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை என்பதே அந்தப் பாட்டின் அழகு. மோனோத் தடம் இருக்கிறதா என்று ஒலிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஓடிடியில் இந்தத் தேர்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஓடிடியின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். அங்கே படம் சத்தமில்லாமல் மாற்றப்படும். சிண்டரெல்லா விஷயத்தில் மாற்றம் நன்மையாக முடிந்தது; எப்போதும் அப்படி அமையும் என்று உறுதியில்லை. டிஸ்க்கிலும் கைவைப்பு நடக்கும்தான். 2003-இல் வந்த ‘லயன் கிங்’ டிவிடியில் மூலப் படத்தில் இல்லாத ஒரு பாட்டைச் சேர்த்தார்கள், 2011 ப்ளூ-ரேயில் அது படத்திலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் அங்கே பழைய டிஸ்க் அலமாரியில் இருக்கும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால்தான் பழைய ப்ளூ-ரே வைத்திருப்பவர்களைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. ப்ளூ-ரேயில் தரவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6, அந்தக் குறையை ஈடுகட்டக் கடினமான பூச்சு கொடுத்திருப்பதால் பிசுபிசுத்த விரல்களையும் தரையில் இழுபடுவதையும் டிவிடியைவிட நன்றாகத் தாங்கும். இணையம் தேவையில்லை. படம் முடிந்ததும் அடுத்த படம் தானாக ஓடத் தொடங்காது. இதை விரும்பாத பெற்றோரை நான் இதுவரை பார்க்கவில்லை. தொடக்கத்தில் வரும் விளம்பரங்களைத் தாண்டுவது மட்டும் பெரியவர் வேலை. எலியும் சாவியும் பார்க்கிற நாலு வயதுக்குக் கோடு மறைந்ததா துகள் பறந்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. 4கே டிஸ்க்கை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, பழையதை அந்தக் கையில் கொடுத்துவிடலாம்.